பலர் கவனிக்கும் வீட்டில் மருந்தும் ஏடுகளும்

நீண்டகால நோயாளி ஒருவரைக் கவனிப்பது பெரும்பாலான வீடுகளில் ஒருவருடைய பணியாக மட்டும் இருப்பதில்லை. காலை மாத்திரையை மருமகள் கொடுக்கிறார். பகலில் மனைவி பார்த்துக்கொள்கிறார். வேலை முடிந்து வரும் மகன் இரவில் இன்சுலின் போடுகிறார். எல்லோருக்கும் அக்கறை உண்டு. ஆனால், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாதபோது ஒரே மருந்து இருமுறை சென்றுவிடுகிறது. அல்லது வேறொருவர் கொடுத்திருப்பார் என எண்ணி எவரும் கொடுப்பதில்லை.

இதன் விளைவு சிறியதன்று. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இரட்டிப்பானால் இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம் ஏற்படலாம். நினைவுடன் இருப்பவருக்கு 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் சோதியுங்கள். மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரை சில மணி நேரத்தில் திரும்பவும் வரக்கூடும். ஆகவே சரியானதும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இந்நிலையைத் தவிர்க்க நான்கு ஏற்பாடுகளைப் பரிந்துரைக்கிறோம்.

ஒரே பட்டியல்

ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. மருத்துவமனையில் புதிய பெயரில் தந்த மெட்ஃபார்மினையும் வீட்டில் இருந்த பழைய மெட்ஃபார்மினையும் சேர்த்து உட்கொள்பவர்களை நாங்கள் காண்கிறோம். எனவே வணிகப் பெயரோடு மூலப்பெயர், அளவு, வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்பவற்றையும் எழுதுங்கள். மூட்டுவாதத்திற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருநாள் மட்டுமே உட்கொள்ள வேண்டியது. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகைய மருந்துக்குரிய கிழமையைச் சிவப்பு மையால் குறியுங்கள்.

மருந்து கொடுத்தவர் உடனே அதற்குரிய கட்டத்தில் தம் பெயரின் முதலெழுத்தை இட வேண்டும். நோயாளியால் இயலுமானால் அவரே இடட்டும். கொடுத்தோமா என ஐயம் எழுந்தால், மீண்டும் கொடுக்கும் முன் எங்களிடம் கேளுங்கள். தவறிய வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கலாகாது.

ஒரே இடம்

ஏழு நாள் மாத்திரைப் பெட்டியை ஞாயிறு மாலை ஒருவர் நிரப்ப, மற்றொருவர் சரிபார்க்கலாம். மாத்திரை அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியைக் கடைசிவரை வெட்டாதீர்கள். அடுப்பருகும் குளியலறையும் மருந்துக்கு ஏற்ற இடங்கள் அல்ல. குழந்தைகளின் கைக்கு எட்டாத உலர்ந்த அலமாரியே நல்லது. திறக்காத இன்சுலின் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பநிலையில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தலாகாது. திறந்த தேதியைக் குப்பியின்மேல் எழுதுங்கள். பெரும்பாலான வகைகளை ஏறத்தாழ 4 வாரங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். நாங்கள் நிறுத்திய மருந்தை அன்றே தனியே அகற்றிவிடுங்கள்.

ஒரே நாட்காட்டி

கூடத்துச் சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில் மறுபரிசோதனை நாள், அதற்கு முந்தைய இரத்தப் பரிசோதனை நாள், மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முந்தைய நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். பிள்ளைகளின் தேர்வு, அலுவலகப் பயணம், ஊர்த் திருவிழா ஆகியவையும் அதிலேயே இருந்தால், யார் உடன் வருவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய இயலும்.

ஒரே கோப்பு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது தந்த சுருக்கக் குறிப்பு மேலேயும், பரிசோதனை முடிவுகள் தேதி வரிசையில் அதன்கீழும் இருக்கட்டும். இ.சி.ஜி. பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாளில் எடுக்கப்படுகிறது. நாளடைவில் அது மங்கிவிடும், லேமினேஷன் செய்தால் கருத்துவிடும். உடனே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பழைய இ.சி.ஜி.யோடு ஒப்பிட முடிந்தால், மார்புவலி வந்த நேரத்தில் மாற்றம் புதியதா எனக் கண்டறிய எங்களுக்கு உதவும். காப்பீட்டு அட்டையின் நகலும் இதிலேயே இருப்பது நல்லது.

அடுத்த முறை வரும்போது பட்டியலையும், வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையிலிட்டு எடுத்து வாருங்கள். தேவையற்றவற்றை நாங்களே உங்களுடன் அமர்ந்து நீக்கித் தருகிறோம்.