கியூ.ஆர். வரவும் கடைக் கணக்கும்



நம் லூனாஸிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் கியூ.ஆர். அட்டை தொங்காத கடையை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு வெள்ளிச் சாமானுக்கும் கைப்பேசியைத்தான் நீட்டுகிறார்கள். 2019ஆம் ஆண்டில் பேநெட் நிறுவனம் டூயிட்நவ் கியூ.ஆர். முறையைக் கொண்டுவந்த பிறகு, வெவ்வேறு வங்கிக்காரரும் இ-வாலட்காரரும் ஒரே அட்டையில் பணம் செலுத்தும்படி ஆகிவிட்டது. பணம் வாங்குவது சுலபமாயிற்று. வாங்கிய பணத்தைக் கணக்கில் ஏற்றும் விஷயத்தில்தான் நம்மில் பலர் இன்னும் சரியாகக் கவனம் வைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நம் பெரியவர்கள் அன்றாட வரவு செலவைச் சிட்டாவில் எழுதினார்கள். அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றினார்கள். ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டார்கள். ஆட்டோகவுண்ட், எஸ்.கியூ.எல். போன்ற பெயர்களில் நம் நாட்டில் விற்கும் கணக்கு மென்பொருள்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சிட்டாவை மட்டும் நம் கை எழுதுவதில்லை. ஒரு பக்கம் கல்லாவிலுள்ள பில் இயந்திரம் எழுதுகிறது. மறுபக்கம் வங்கி எழுதுகிறது. ஒரு சிட்டாவை இரண்டு பேர் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓர் உதாரணம். ஒரு கடையில் ஒரு நாள் விற்பனை 1,480 வெள்ளி. அதில் ரொக்கம் 620, கியூ.ஆர். 500, கார்டு 360. கட்டணம் வங்கிக்கு வங்கி வேறுபடும், சிலருக்குத் தள்ளுபடியும் உண்டு, கணக்குக்காக கியூ.ஆருக்குக் கால் சதவிகிதம், கார்டுக்கு ஒரு சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வங்கியில் வந்து விழுவது 498.75ம் 356.40ம், ஆக 855.15 வெள்ளி. பிடித்துக்கொண்டது 4.85 வெள்ளி.

இப்போது பில் இயந்திரம் 1,480 வெள்ளி விற்பனை என்று மென்பொருளுக்கு அனுப்பிவிட்டது. மறுநாள் வங்கி வரவு 855.15 வெள்ளியும் மென்பொருளுக்குள் வருகிறது. அதையும் ஒருவர் "விற்பனை" என்ற தலைப்பில் ஏற்றிவிட்டால், அன்றைய விற்பனை 2,335.15 வெள்ளி ஆகிவிடும். மாதம் 26 நாள் கடை திறந்தால், நடக்காத விற்பனை 22,000 வெள்ளிக்கு மேல். இந்தத் தொகைக்கு வருமான வரி கட்டப்போவது யார்? கூட்டு வியாபாரமாக இருந்தால், இல்லாத லாபத்தில் பங்கு கேட்டு வரும் கூட்டாளிக்கு என்ன சமாதானம் சொல்வது?

இதற்குப் பரிகாரம் ஓர் இடைக்கணக்கு. பினாங்கிலிருந்து சரக்கு லாரியில் வருகிறது; பில் வந்துவிட்டது, மூட்டை இன்னும் கடைக்கு வரவில்லை. அதை "வழியில் இருக்கும் சரக்கு" என்று வைப்பதில்லையா? கியூ.ஆர். பணமும் அப்படியே வழியில் இருக்கும் பணம். விற்ற அன்று 860 வெள்ளியை இடைக்கணக்கில் பற்று எழுதுங்கள். வங்கியில் 855.15 வந்ததும் அந்தத் தொகையை இடைக்கணக்கிலிருந்து கழியுங்கள். மீதி 4.85ஐ "வங்கிக் கட்டணம்" என்று செலவில் எழுதினால் இடைக்கணக்கு பூஜ்யமாகும். மென்பொருளை இணைத்துக் கொடுக்க வருகிறவரிடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிட வேண்டும்: வங்கி வரவு எதுவும் நேராக விற்பனைக்குப் போகக்கூடாது.

இடைக்கணக்கு பூஜ்யமாகாமல் நின்றால் அதற்குக் காரணம் இருக்கும். வாடிக்கைக்காரர் பணம் அனுப்பியதாகக் காட்டிய திரை பொய்யாக இருக்கலாம். நம் அட்டையின் மேல் வேறொருவன் தன் அட்டையை ஒட்டியிருக்கலாம். திருப்பிக் கொடுத்த பணம் வேறொரு தேதியில் ஏறியிருக்கலாம். அல்லது வெறும் விடுமுறைக் கோளாறாகவும் இருக்கலாம். நம் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். கார்டுப் பணம் எந்த ஊர் விடுமுறையை அனுசரித்து வந்து சேரும் என்பதை வங்கியில் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீண் கவலை.

நிற்க. எல்லாவற்றிலும் பெரிய சங்கதி பற்றுக் கணக்கு. நம் பக்கத்துக் கடைகள் தோட்டத்துச் சம்பள நாளை நம்பி வளர்ந்தவை. இன்றும் மாதக் கடைசியில் தீர்ப்பதாகச் சொல்லி அரிசி, எண்ணெய் எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு அவர் கடைக்கு வந்து பணத்தை வைப்பார், நாம் அவர் எதிரிலேயே பேரேட்டில் வரவு எழுதுவோம். இப்போது அவர் 180 வெள்ளியைக் கியூ.ஆரில் தட்டிவிட்டுப் போய்விடுகிறார். இது புதிய விற்பனை அன்று, பழைய கடனின் வரவு. சரக்கு போன மாதமே விற்பனையில் ஏறிவிட்டது. மென்பொருளுக்கு இது எப்படித் தெரியும்? சொன்னால் ஒழியத் தெரியாது. விற்பனையில் சேர்த்துவிட்டால் இரண்டு கெடுதல். விற்பனை 180 வெள்ளி கூடிவிடுகிறது. அவர் பேரில் 180 வெள்ளிக் கடன் அப்படியே நிற்கிறது. அடுத்த மாதம் கடைப் பையன் பட்டியலைப் பார்த்து அவரிடம் மறுபடியும் கேட்பான். கொடுத்த மனிதர் நாலு பேர் முன்னால் கொடுக்காதவராக நிற்பார். பணத்தைத் திருப்பிவிடலாம், அந்த மானத்தை எதைக் கொண்டு திருப்புவது? கடனை எழுதி வைக்கச் சொல்லும் பகரா சூராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீண்டது என்பதை மதரஸாவில் ஓதிய எல்லோரும் அறிவோம். எழுத வேண்டியது கொடுத்ததை மட்டுமல்ல, திரும்பி வந்ததையும்தான்.

ஆகையால் பற்று வரவுக்கு பில் இயந்திரத்தில் தனிப் பொத்தான் வைக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் கல்லாவில் ஒரு சிறு நோட்டு போதும்: தேதி, பெயர், தொகை, நேரம். இரவில் வங்கி விவரத்தோடு ஒத்துப் பார்த்து அவர் கணக்கில் வரவு வைக்கலாம்.

அட்டையிலும் இரண்டு வகை உண்டு. சுவரில் ஒட்டியிருக்கும் நிலையான அட்டையில் தொகையோ பில் எண்ணோ கிடையாது. வாடிக்கைக்காரரே தொகையைத் தட்டுகிறார். பில்லுக்குப் பில் திரையில் தோன்றும் மற்ற வகையில் தொகையும் குறிப்பு எண்ணும் சேர்ந்தே போகும். அதனால் எந்தப் பில்லுக்கு எந்தப் பணம் என்று மென்பொருள் தானே பொருத்திக்கொள்ளும். பெரிய கடைக்கு இரண்டாவது வகை செலவுக்குத் தகுந்த பலன் தரும். நம்மைப் போன்ற மளிகைக் கடைக்கு ஒவ்வொரு பாக்கெட்டையும் பொருத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. வங்கித் தளத்திலிருந்து அன்றைய விவரக் கோப்பை இறக்கி, நாள் மொத்தத்தை ஒரே வரியாக ஏற்றினால் போதும் என்பது என் கருத்து. விற்க வருகிறவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். மாத வாடகை அவர்களுக்கல்லவா போகிறது!

சொந்தக் கணக்கின் கியூ.ஆரைக் கடையில் ஒட்டியிருக்கும் சகோதரர்கள் முதலில் கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். மகளின் கல்லூரிப் பணமும் மருமகன் அனுப்பிய பணமும் கடை வரவோடு கலந்து கிடந்தால் எந்த மென்பொருளும் பிரித்துத் தராது.

உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இ-இன்வாய்ஸ் முறையைப் பெரிய நிறுவனங்களில் ஆரம்பித்துப் படிப்படியாக விரித்து வந்திருக்கிறது. எந்தக் கடைக்குக் கட்டாயம் என்பது ஆண்டு விற்பனைத் தொகையைப் பொறுத்தது. இரட்டிப்பாக ஏறிய விற்பனை, கட்டாயம் இல்லாத கடையையும் கட்டாய வரம்புக்குள் தள்ளிவிடக்கூடும். கட்டாயம் உள்ள கடைகள், தனி இன்வாய்ஸ் கேட்காதவர்களுக்கு விற்றதை ஒன்றாகத் திரட்டி, மாதம் முடிந்து 7 நாளுக்குள் அனுப்ப வேண்டும். இடைக்கணக்கை அதற்கு முன்பே பூஜ்யமாக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஜக்காத்துக்குக் கணக்குப் பார்க்கும் நாளில் இடைக்கணக்கில் நிற்கும் தொகையும் கடைக்குச் சேர வேண்டிய பணமே; அதை மறந்துவிடக்கூடாது. கடன் பாக்கிகளை எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கெடா ஜக்காத் வாரியத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கணக்குப் பத்திரங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். கார்டு இயந்திரம் துப்பும் சீட்டு சூட்டில் அச்சாவது, பெட்டியில் போட்டு வைத்தால் எழுத்து மங்கி வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். வங்கித் தளத்திலும் பழைய விவரங்கள் என்றென்றும் கிடைக்கா. ஆகவே மாதம் ஒரு முறை கோப்பை இறக்கிக் கணினியில் ஒரு பிரதி, வெளியே ஒரு பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.