தெருநாயைக் கண்டால் உங்கள் குட்டி குரைக்கிறதா?

சீயமங்கலம் குடைவரைக் கோயில் பக்கம் காலையில் குட்டியை நடக்கக் கூட்டிப்போனால், வழியில் நாலு தெருநாயாவது எதிர்ப்படும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டைநாய்க் குட்டிகளுக்குப் பார்வை கூர்மை. தூரத்து அசைவுக்கே துள்ளும்.

இடைவெளிதான் முக்கியம். எதிரே நாய் தெரிந்தும் குட்டி குரைக்காமல் நிற்கும் தூரம் எது என்று கவனியுங்கள். காது விறைத்து, வாய் மூடி, உடல் முன்னே சாயத் தொடங்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்ததும் வேகவைத்த கோழி ஈரலில் சுண்டைக்காய் அளவு கொடுங்கள். பல நாள் அமைதியாகக் கடந்த பிறகே கொஞ்சம் நெருங்கலாம். குரைத்துவிட்டால் அடிக்காதீர்கள், வந்த வழியே திரும்பி நடங்கள். அடி வாங்கும் குட்டி, அடுத்த நாயைக் கண்டாலே வலி வரும் என்று கற்றுக்கொள்கிறது. கயிறு தளர்வாக இருக்கட்டும்.

தெருநாய் நெருங்கினால் ஓடாமல், குட்டியைப் பின்னால் நிறுத்திக்கொண்டு மெல்ல விலகுங்கள்.

குட்டிக்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி. தடுப்பூசி போடாமல் குட்டியைத் தெருவில் இறக்கவே வேண்டாம். உங்களுக்குக் கடிபட்டால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.