வீட்டுவண்டியும் நீட்டித்த உறுதியும்

வாணிகம் நம்பிக்கையின்மேல் நிற்பது. விற்பவன், 'இப்பொருள் பழுதற்றது' என்று கூறுகின்றான். வாங்குபவன் அச்சொல்லை நம்பிப் பணங் கொடுக்கின்றான். முற்காலத்தில் இவ்விருவரும் பெரும்பாலும் அண்டை ஊரினராய் இருந்தமையின், சொல் பிழைத்தவனை அடுத்த சந்தையிலேயே கண்டு கேட்க இயன்றது. இக்காலத்திலோ, பொருளைச் செய்பவன் ஓரிடத்தான், விற்பவன் மற்றோரிடத்தான், பழுது பார்ப்பவன் வேறோரிடத்தான். ஆகவே வாய்ச்சொல் நின்ற இடத்தில் எழுத்து வந்து நிற்கின்றது. அவ்வெழுத்தின் பொருளை உணராது ஒப்பமிடுவோர் பின்னர் வருந்துதல் இயல்பே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டுவண்டி வாங்குவோர்க்கு விற்கப்படும் 'நீட்டித்த உறுதி' என்பது இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. அதன் இயல்பு யாது, அதனை ஆராயும் முறை யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் காண்பாம்.

வீட்டுவண்டியின் இயல்பு

அமெரிக்கர் 'ஆர்.வி.' என இரண்டெழுத்தாற் சுருக்கி அழைக்கும் ஊர்தியையே நாம் இங்கு வீட்டுவண்டி என்கின்றோம். இஃது இருவகைப்படும். தன் எஞ்சினாலேயே ஓடுவது ஒருவகை. மற்றொரு வண்டியாற் பின்னே இழுத்துச் செல்லப்படுவது பிறிதொருவகை. இருவகையிலும் படுக்கை, அடுக்களை, குளியலறை, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி முதலியன அமைந்திருக்கும். இந்தியானா மாகாணத்தில் எல்கார்ட் என்னும் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் இத்தொழிலின் தலைமை இடம் எனலாம். விடுமுறை நாட்களில் மலையும் காடும் காண விழையும் குடும்பத்தாரேயன்றி, உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்றபின் சொந்த வீட்டை விற்று, இவ்வண்டியையே இல்லமாகக் கொண்டு வாழும் முதியோரும் அந்நாட்டில் உளர். அன்னோர்க்கு வண்டி பழுதாதல் என்பது பயணம் தடைப்படுதல் மட்டுமன்று. வண்டி பட்டறையில் நிற்குங்காறும் அவர் வீடற்றவராதலே ஆம்.

இவ்வண்டி வீடும் ஊர்தியும் ஒருங்கே ஆதலின், இரண்டிற்கும் உரிய பழுதுகள் இதற்கு உண்டு. அசையா நிலத்தில் நிற்கும் வீட்டின் குழாயும் மின்கம்பியும் பல்லாண்டு கெடாதிருக்கலாம். ஓடும் வீட்டிலோ, ஒவ்வொரு பயணமும் ஒரு சிறு நிலநடுக்கம் போன்றது. திருகாணிகள் தளரும், கூரையின் பொருத்துவாய்கள் விரியும், அவ்வழியே மழைநீர் சுவருட் புகும். அறையை அகலமாக்குதற் பொருட்டுப் பக்கவாட்டில் வெளியே தள்ளப்படும் பகுதியின் இயந்திரம் சிக்கிக்கொள்ளும்.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. இவ்வண்டி ஒருவராற் செய்யப்படுவதன்று. சேஸிஸும் எஞ்சினும் ஒரு நிறுவனத்தார் செய்வன. அவற்றின்மேல் அமையும் வீட்டுப்பகுதி மற்றொரு நிறுவனத்தார் செய்வது. குளிர்பதனப் பெட்டி, அடுப்பு, ஜெனரேட்டர், டயர் ஆகியன வேறு வேறு நிறுவனங்களினின்றும் வருவன. ஆகவே, ஒரு வண்டிக்கு ஓர் உறுதி என்று எண்ணுதல் பிழை. வெவ்வேறு கால எல்லையுடைய பல உறுதிகள் ஒரே வண்டியின்மேல் நிற்கின்றன. வீட்டுப்பகுதிக்குச் செய்தோர் தரும் உறுதி பெரும்பாலும் ஓராண்டளவினதே. இக்குறுகிய எல்லையே நீட்டித்த உறுதிக்குச் சந்தையை உண்டாக்கியது.

குறையுடைய புது வண்டியை மாற்றித் தரவோ விலையைத் திருப்பித் தரவோ செய்தவரைக் கட்டாயப்படுத்துஞ் சட்டங்கள் அந்நாட்டு மாகாணங்களில் உள்ளனவே எனின், அவையும் வீட்டுவண்டிக்கு முழுதும் உதவுவனவல்ல. கலிபோர்னியா மாகாணச் சட்டத்தில் 'புதிய மோட்டார் வண்டி' என்பதற்குக் கூறப்பட்ட இலக்கணத்துள், வீட்டுவண்டியின் சேஸிஸும் ஓட்டத்திற்குரிய பகுதியும் அடங்கும். மாந்தர் உறைதற்குரிய பகுதி அடங்காது. மிகுதியும் பழுதுறும் பகுதியே இவ்வாறு அச்சிறப்பு விதிக்குப் புறத்தே நிற்றல் காண்க.

உறுதியும் ஒப்பந்தமும்

இனி, 'நீட்டித்த உறுதி' என்னும் பெயரை ஆராய்வாம். வாரண்டி எனப்படும் உறுதியாவது, பொருளோடு கூடவே வருவது. அதற்கெனத் தனி விலை இல்லை. 'நீட்டித்த உறுதி' எனப்படுவதோ பெரும்பாலும் தனி விலைக்கு விற்கப்படுவது. தனிப் பத்திரத்தில் எழுதப்படுவது. பல வேளைகளில் வண்டியைச் செய்தவரோடு யாதொரு தொடர்பும் இல்லாத மூன்றாமவரால் தரப்படுவது. ஆகவே அது முன்னை உறுதியின் நீட்சி அன்று. பிறிதொரு பழுதுபார்ப்பு ஒப்பந்தமே ஆம். ஒருவன் தன் சொல்லைத் தானே நீட்டித்தல் வேறு; ஒருவன் சொன்ன சொல்லுக்குப் பின் மற்றொருவன் வந்து வேறு சொல் சொல்லுதல் வேறு.

இவ்வேறுபாட்டை அமெரிக்கச் சட்டமும் உடன்படுகின்றது. 1975-ஆம் ஆண்டில் நிறைவேறிய மாக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம், எழுத்துறுதியை ஒன்றாகவும் பழுதுபார்ப்பு ஒப்பந்தத்தைப் பிறிதொன்றாகவும் வகுத்துக் கூறுகின்றது. அச்சட்டத்தால் வாங்குவோர் பெறும் நன்மைகள் பல. அவற்றுள் மூன்று ஈண்டு அறியத்தக்கன. முதலாவது, 15 டாலருக்கு மேற்பட்ட பொருளின் எழுத்துறுதியை வாங்குமுன்னரே படித்துப் பார்க்க இடந்தரல் வேண்டும். இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பொருளையே விலைகொடுத்துப் பயன்படுத்தினால்தான் உறுதி செல்லும் என்று வாங்குவோனைக் கட்டுப்படுத்தல், அரசின் தனி இசைவின்றிக் கூடாது. மூன்றாவது சற்று நுட்பமானது. எழுத்தில் இல்லாவிடினும், விற்கப்படும் பொருள் தனக்குரிய பொதுப் பயனுக்குத் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பதைச் சட்டம் உள்ளுறை உறுதியாகக் கொள்கின்றது. 'உள்ளது உள்ளபடி விற்கின்றேன்' என்று கூறி விற்பவன் இவ்வுறுதியை நீக்கிக்கொள்ளப் பல மாகாணங்கள் இடந்தருகின்றன. ஆயின், விற்பவன் தானே ஒரு கட்சியாய் நின்று, விற்ற நாளிலோ அதன்பின் 90 நாட்களுக்குள்ளோ பழுதுபார்ப்பு ஒப்பந்தஞ் செய்துகொள்வானாயின், அவன் உள்ளுறை உறுதியை மறுத்தல் இயலாது. மூன்றாமவர் ஒப்பந்தத்தை அவன் தரகனாய் நின்று விற்பின் இந்நன்மை கிட்டும் என்று துணிதற்கில்லை. ஆதலின், பத்திரத்தில் ஒப்பமிடுங் கட்சி யார் என்பது முதற்கண் நோக்கற்பாலது.

ஒப்பந்தத்தை ஆராயும் முறை

பத்திரத்தைக் கையில் எடுத்தோன் வினவவேண்டிய வினாக்கள் ஆறு.

1. எவை அடங்கும்? ஒப்பந்தங்கள் இருதிறத்தன. ஒன்று, அடங்கும் உறுப்புகளைப் பெயர் கூறி எண்ணுவது. அப்பட்டியலில் இல்லாத உறுப்பு அடங்காது. மற்றொன்று, அடங்காதவற்றை மட்டும் எண்ணி, எஞ்சியவை எல்லாம் அடங்கும் என்பது. முன்னதில் ஐயம் எழுந்தால் 'பட்டியலில் உள்ளது' என்று காட்டவேண்டியவன் வண்டிக்காரன். பின்னதில் 'விலக்கில் உள்ளது' என்று காட்டவேண்டியது பெரும்பாலும் நிறுவனமே. ஆகவே பின்னது பொதுவாகச் சிறந்தது, விலையும் மிகுந்தது.

2. எவை அடங்கா? பத்திரத்தில் மிகக் கருத்தோடு படிக்கவேண்டிய பகுதி இதுவே. தேய்மானம், ஒப்பந்தத்திற்கு முன்னரே இருந்த பழுது, விபத்து, பராமரிப்பின்மையால் விளைந்த கேடு ஆகியன பெரும்பாலும் விலக்கப்படும். வீட்டுவண்டிக்குப் பெரும்பகை மழைநீர்க் கசிவு. அதுவே பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டுள்ளது. கூரையின் பொருத்துவாய்களைக் காலந்தோறும் பார்த்துப் பூச்சிட்டமைக்குச் சான்றில்லையேல், அதனால் விளைந்த கேட்டிற்குப் பொறுப்பில்லை என்று நிறுவனம் கூறும். ஆகவே செலவுச் சீட்டுகளை எல்லாம் தொகுத்து வைத்தல் இன்றியமையாதது. அடங்காத உறுப்பு ஒன்று கெட்டு, அதனால் அடங்கும் உறுப்பும் கெடுமாயின் அதற்குப் பணம் உண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

3. வண்டிக்காரன் தரவேண்டிய பங்கு யாது? ஒவ்வொரு பழுதிற்கும் ஒரு தொகையை அவனே கொடுக்குமாறு எழுதப்பட்டிருக்கும். அது பட்டறைக்குச் செல்லும் ஒவ்வொரு முறைக்கா, பழுதுற்ற ஒவ்வோர் உறுப்புக்கா என்பது பெரிய வேறுபாடு. பங்கு 200 டாலர் என்றும், ஒரே வரவில் மூன்று உறுப்புகள் பழுது பார்க்கப்பட்டன என்றும் கொள்வோம். முறைக்கு எனின் அவன் கொடுப்பது 200 டாலர். உறுப்புக்கு எனின் 600 டாலர்.

4. காலம் எப்பொழுது தொடங்குகின்றது? ஏழாண்டு ஒப்பந்தம் வண்டி வாங்கிய நாள்முதலே எண்ணப்படுமாயின், செய்தவரின் உறுதி நிற்கும் முதலாண்டில் அதனால் விளையும் பயன் சிறிதே. ஆகவே அவன் ஏழாண்டிற்கு விலைகொடுத்து ஏறத்தாழ ஆறாண்டே பெறுகின்றான்.

5. பழுதுபார்க்கும் முறை யாது? நிறுவனத்தின் முன்னிசைவு இன்றிச் செய்த செலவைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. பழுதின் காரணத்தை அறிய இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்குங் கூலி யாருடையது, வண்டி நிற்கும் இடத்திற்கே வரும் தொழிலாளியை அமர்த்தலாமா, பட்டறையின் மணிக்கூலி முழுதும் கொடுக்கப்படுமா என்பனவும் வினவத்தக்கன. ஊரூராய்ச் செல்வோனுக்கு, ஒரே ஓர் ஊர்ப் பட்டறையிற் செல்லும் ஒப்பந்தத்தாற் பயன் என்ன?

6. பின்னின்று பணங் கொடுப்பவர் யார்? விற்பவர் ஒருவர், நிர்வகிப்பவர் ஒருவர், இறுதியிற் பணத்திற்குப் பொறுப்பாகும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்று என இதில் மூவர் இருத்தல் உண்டு. 2003-ஆம் ஆண்டில், மோட்டார் வண்டி ஒப்பந்தங்கள் பலவற்றுக்குப் பின்பலமாய் நின்ற நேஷனல் வாரண்டி என்னும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் நொடித்தது. அதனை நம்பிய ஒப்பந்தங்களை வாங்கினோர் பலர் இடருற்றனர். விளம்பரத்தின் ஆரவாரமும் பின்பலத்திற்குச் சான்றாகாது. 2024-ஆம் ஆண்டில், வண்டி ஒப்பந்தங்கள் விற்கும் கார்ஷீல்டு என்னும் நிறுவனமும் அதனோடு இணைந்த நிர்வாக நிறுவனமும், தம் விளம்பரம் மக்களை மயக்கியது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி வாணிகக் கமிஷன் தொடுத்த குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 1 கோடி டாலர் செலுத்த உடன்பட்டன.

விலையும் கடனும்

வீட்டுவண்டி பெரும்பாலும் கடனில் வாங்கப்படுவது. ஒப்பந்தத்தின் விலையையும் அக்கடனோடு சேர்த்துவிடுதல் விற்பனையாளர் வழக்கம். 'மாதத்திற்குச் சில டாலர்களே' என்று அவர் கூறுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒப்பந்தத்தின் விலை 5,000 டாலர், கடன் 15 ஆண்டு, வட்டி நூற்றுக்கு 8 என்று கொண்டால், மாதந்தோறும் செலுத்துவது ஏறத்தாழ 48 டாலர். 180 மாதங்களில் அது ஏறத்தாழ 8,600 டாலராகும். ஒப்பந்தம் ஐந்தாண்டில் முடிந்துவிடுமாயின், எஞ்சிய பத்தாண்டும் அவன் இல்லாத ஒன்றற்குப் பணங் கட்டுகின்றான்.

அன்றியும், அன்றே வாங்காவிடின் பின்னர்க் கிட்டாது என்று அவசரப்படுத்தும் விற்பனையாளர் சொல்லுக்கு அஞ்சவேண்டுவதில்லை. பின்னரும் வேறிடத்தும் வாங்கத்தக்க ஒப்பந்தங்கள் உள. பத்திரத்தை வீட்டிற்குக் கொண்டுசென்று ஓரிரவு வைத்துப் படித்தல் நன்று. முன்னரே ஒப்பமிட்டவனும், குறித்த நாட்களுக்குள் நீக்கி முழுப்பணமும் பெறவோ, பின்னர் எஞ்சிய காலத்திற்கேற்ப ஒரு பகுதி பெறவோ வழியுண்டா என்று பார்த்தல் வேண்டும். விற்பவர் வாயாற் சொல்லும் உறுதி எதுவாயினும், அதனைப் பத்திரத்தில் எழுதித் தருமாறு கேட்டல் வேண்டும். 'இப்பத்திரத்தில் எழுதப்பட்டதன்றிப் பிற சொற்கள் எம்மைக் கட்டா' என்னும் பொருளுடைய வாசகம் இத்தகைய பத்திரங்களிற் காணப்படுவது.

யார்க்கு வேண்டும்?

ஆயின் இவ்வொப்பந்தம் முற்றும் வீணோ எனின், அற்றன்று. கொடுத்த பணம் முழுதும் பழுதுபார்ப்பாகத் திரும்பிவரும் என்று எண்ணுதலே தவறு. நிறுவனத்தின் செலவும் ஆதாயமும் அதனுள் அடங்குதலின், வாங்குவோர் எல்லோரையும் ஒருங்கே நோக்குமிடத்து, அவர்கள் பெறுவது கொடுத்ததினுங் குறைவாகவே இருத்தல் வேண்டும். எனினும், எஞ்சின் ஒன்று கெட்டால் அச்செலவைத் தாங்க இயலாது நிலைகுலையும் குடும்பத்தார்க்கும், வண்டியையே வீடாகக் கொண்ட முதியோர்க்கும், தாங்கொணாப் பெருஞ்செலவைத் தாங்கத்தக்க சிறுசெலவாக மாற்றிக் கொள்ளுதல் அறிவுடைமையே ஆகும். கைப்பொருள் உடையோரும், ஆண்டிற் சில நாட்களே வண்டியைச் செலுத்துவோரும், அவ்விலையை வங்கியிற் சேமித்து வைப்பின், பழுது நேர்ந்தபோது எவர் இசைவையும் வேண்டாது எடுத்துச் செலவிடலாம். யாவராயினும், வாங்குமுன் விற்பவனைச் சாராத ஒரு சோதகனைக் கொண்டு வண்டியைப் பார்வையிடச் செய்தல் நன்று. இருக்கும் பழுதை முன்னரே காண்பது, வரும் பழுதிற்கு ஒப்பந்தம் வாங்குவதினும் மேலானது.

முடிவுரை

கோபுரங் கட்ட விழைந்தோன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ் செலவைக் கணக்கிடல் வேண்டும் என்பதை நம் ஆண்டவர் உவமையால் விளக்கினார். சக்கரத்தின்மேல் வீடு கட்டுவோனுக்கும் அவ்வறிவுரை பொருந்தும். நம் நாட்டிலும் கைப்பேசி, குளிர்பதனப் பெட்டி முதலியன வாங்குவாரிடம் இதே பெயருடைய பத்திரம் நீட்டப்படுதலின், இவ்வாராய்ச்சி கடல்கடந்த செய்தி என்று தள்ளத்தக்கதன்று. இலக்கணம் பயில்வோர் ஒரு சொல்லைக் கண்டவுடன் அதன் பொருள் யாது, அதனைச் சொன்னவர் யார், யாரை நோக்கிச் சொன்னார் என்று வினவுதல் மரபு. ஒப்பமிடுமுன் பத்திரத்தினிடத்தும் அவ்வினாக்களையே வினவுக. 'உறுதி' என்று மேலே பெயர் எழுதியிருத்தலால் மட்டும் ஒரு பத்திரம் உறுதியாகிவிடாது. உள்ளே எழுதிய சொல்லும், அச்சொல்லைக் காக்கும் கையுமே உறுதியாவன.