தொட்டுத் தீரும் வலி, தொடக்கூடாத வலி



முதலாமாண்டில் ஃபிட்டிங் ஷாப்பில் நாம் நின்ற முதல் வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். வைஸில் மைல்டு ஸ்டீல் துண்டைப் பிடித்து, பெரிய அரத்தால் ராவு ராவு என்று ராவி, ‘வி’ ஜாயிண்ட் முடிப்பதற்குள் தோள்பட்டை இரண்டும் இறங்கிவிடும். அன்று இரவு விடுதியில் எல்லா அறையிலும் ஒரே குரல்தான்: "டேய் மாப்ள, கொஞ்சம் பிடிச்சு விடுடா!" ஒருவன் குப்புறப் படுப்பான், இன்னொருவன் தோளைப் பிசைவான். பத்து நிமிடத்தில் "அப்பாடா" என்று எழுந்து உட்காருவான். பிறகு முறை மாறும்.

செலவில்லாத இந்த வைத்தியத்துக்கு ஆங்கில வழியில் மசாஜ் என்று பெயர். நம் ஊரில் பிடித்துவிடுதல், உருவிவிடுதல், நீவுதல், வழித்தல் என்று பல பெயர்கள். இதனால் உடம்புக்கு என்ன நன்மை, அந்த நன்மை எதுவரை என்பதைத்தான் இக்கட்டுரையில் எழுதியிருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு பாடம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய கலை

சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32 என்று வகுத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று ‘தொக்கணம்’. உடம்பைக் கையால் பிடித்துச் செய்யும் மருத்துவம் இது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று இதில் ஒன்பது வகை. ‘பிடித்து விடுடா’ என்று நாம் சொல்வது இந்த ஒன்பதில் மூன்றாவது என்பது எனக்கே படித்தபோதுதான் தெரிந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும், தீபாவளி விடியற்காலையில் உச்சியில் வைத்து அழுத்தும் நல்லெண்ணெயும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

ஐரோப்பாவில் சுவீடன் நாட்டுப் பெர் ஹென்ரிக் லிங் 1813-ல் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய பயிற்சி முறையில் கையால் செய்யும் சிகிச்சையும் இருந்தது. பின்னர் யோகான் கேயார்க் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர் தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று இதை வகைப்படுத்தினார். கடல் கடந்தாலும் கை செய்யும் வேலை ஒன்றாகத்தான் இருக்கிறது.

வலி எப்படிக் குறைகிறது?

முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டால் முதலில் என்ன செய்கிறோம்? யாரும் சொல்லித் தராமலே அந்த இடத்தைத் தேய்க்கிறோம். இதற்கு 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். ‘கதவுக் கோட்பாடு’ என்று அதற்குப் பெயர்.

வலிச் செய்தி மெல்லிய நரம்பு இழைகள் வழியாகவும், தொடு உணர்வுச் செய்தி தடித்த இழைகள் வழியாகவும் தண்டுவடத்துக்குப் போகின்றன. அங்கே ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடு உணர்வு அதிகமாக வந்தால் கதவு பாதி சாத்திக்கொள்ளும். மூளைக்குப் போகும் வலி குறையும். பஸ் ஸ்டாண்டு கேட்டில் ஒரே சமயத்தில் கூட்டம் நெருக்கினால் பின்னால் வருகிறவன் நிற்க வேண்டியதுதானே, அதுபோல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கதவு சாத்தினால் செய்தி போவதுதான் குறையும். அடிபட்ட இடம் அடிபட்டபடியேதான் இருக்கும். இந்த ஒரு வரியை மட்டும் கட்டுரை முடியும்வரை நினைவில் வையுங்கள்.

ஆய்வுகள் சொல்வது

‘மசாஜ் செய்தால் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் வெளியேறும்’ என்று நம் விளையாட்டு மைதானத்தில் எல்லோரும் சொல்வோம். உண்மையில் ஓடி முடித்துச் சுமார் ஒரு மணி நேரத்தில் உடம்பு அதைத் தானாகவே சரிசெய்துவிடுகிறது. மறுநாள் வரும் வலிக்குக் காரணம் வேறு. பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடர்ந்து வரும் அழற்சியும்தான்.

2012-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்தார்கள். பிறகு இரண்டு கால்களிலும் சிறிது தசையை எடுத்துச் சோதித்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சைகைகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமிலத்தில் வித்தியாசம் இல்லை. ஆக, நம் நம்பிக்கையில் காரணம் தப்பு, பலன் சரி.

மன நிம்மதியிலும் பலன் உண்டு. 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2004-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஒரு தடவை மசாஜ் செய்தாலே பதற்றம், இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு ஆகியவை குறைவதும், பல தடவை தொடர்ந்தால் மனச்சோர்வு குறைவதும் தெரிய வந்தது.

முதுகு வலிக்கு 2017-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பு முயன்று பார்க்கக் கூடியவற்றில் சூடு ஒத்தடத்தோடு மசாஜையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கிடைக்கும் சுகம் குறுகிய காலத்துக்குத்தான் என்பதையும் மறக்கக் கூடாது. உட்காரும் முறையை மாற்றாமல், சிஏடி லேபில் கூனிக்கொண்டே இருந்துவிட்டு மசாஜை மட்டும் நம்பினால் வலி திரும்ப வரும்.

குழந்தைகளுக்கும் இது நல்லது. 1986-ல் அமெரிக்காவின் மயாமியில் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் குறைமாதக் குழந்தைகளுக்கு நாளைக்கு மூன்று முறை, 15 நிமிடம் வீதம், 10 நாள் தடவிவிட்டார்கள். மற்றக் குழந்தைகளைவிட அவை நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை கூடின. காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையைப் போட்டு நம் பாட்டிமார் தேய்த்த கைக்கு இது ஒரு சான்று. ஆனால் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும்.

‘உடம்பிலுள்ள நச்சு எல்லாம் வெளியேறும்’ என்று போர்டு வைப்பவர்கள் உண்டு. அந்த வேலையைச் செய்வது கல்லீரலும் சிறுநீரகமும்தான்.

நம் பாடத்தில் ஒரு கணக்கு

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. இது நமக்கு மனப்பாடம். 10 கிலோ விசையை 100 சதுர சென்டிமீட்டர் கையால் கொடுத்தால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோ. அதே விசையைக் கட்டைவிரல் நுனியின் 4 சதுர சென்டிமீட்டரில் கொடுத்தால் 2.5 கிலோ. அதாவது 25 மடங்கு! ‘நான் மெதுவாத்தான்டா அழுத்தினேன்’ என்று சொல்பவன் தன் விசையை மட்டும் நினைக்கிறான், பரப்பை மறந்துவிடுகிறான். முதலில் உள்ளங்கை, தசை இளகிய பிறகே கட்டைவிரல் என்பதன் காரணம் இதுதான். எண்ணெயின் முக்கிய வேலையும் பேரிங்கில் செய்யும் வேலைதான்: உராய்வைக் குறைப்பது.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் தெருவில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் எங்கள் அப்பத்தாவிடம்தான் வருவார்கள். காசு வாங்காது. மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வரும் அப்பாவின் முதுகைத் தினமும் இரவில் நீவிவிட்டது அந்தக் கைதான். அந்தக் கையால்தான் அப்பா மறுநாள் எழுந்து வேலைக்குப் போனார், நாங்கள் பள்ளிக்கூடம் போனோம்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒன்பது வயதுத் தம்பி கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். வலது முழங்கை வீங்கிவிட்டது. "சுளுக்குத்தான் ராசா, மூணு நாள்ல சரியாயிரும்" என்று அப்பத்தா எண்ணெய் காய்ச்சியது. காலையும் மாலையும் ஐந்து நாள் தேய்த்தது. தம்பி கதறினான். திமிறாமல் இருக்க அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

வீக்கம் வடிந்தது, கை மடங்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். விழுந்த அன்றே எலும்பு முறிந்திருக்கிறது. டாக்டர் அப்பாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அடிபட்ட முழங்கையைத் தேய்க்கத் தேய்க்க, சதைக்குள்ளயே எலும்பு வளர ஆரம்பிச்சிடும்பா. உடனே வந்து கட்டுப் போட்டிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது." மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்று அதற்குப் பெயர். எலும்பு மருத்துவப் பாடத்தில், குறிப்பாக முழங்கை அடிக்கு, மாணவர்களுக்குச் சொல்லித்தரும் எச்சரிக்கையாம் இது.

தம்பி இப்போது பத்தாவது படிக்கிறான். நன்றாகப் படிக்கிறான். ஆனால் வலது கை வாய்வரை வராது. இடது கையால்தான் சாப்பிடுகிறான். பந்தியில் யாராவது ‘ஏம்ப்பா இந்தக் கையால?’ என்று கேட்டால் நான்தான் முதலில் தலை குனிவேன்.

கை வைக்கக் கூடாத நிலைகள்

1. விழுந்து அடிபட்டு, வீங்கி, அசைக்க முடியாத இடம். எக்ஸ்ரே எடுக்கும்வரை எண்ணெயைத் தொடாதீர்கள். மூட்டு உருமாறி இருந்தால் இழுத்துப் பார்க்கவும் கூடாது.

2. கணுக்கால் மடங்கினால் ஒரு சோதனை. நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் மொட்டின் பின் ஓரத்தில் எலும்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே தேவை. 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதியிலிருந்து எடுத்தது இது. வெறும் சுளுக்கு என்றாலும் முதல் இரண்டு மூன்று நாள் ஓய்வு, குளிர் ஒத்தடம், கட்டு, காலை உயர்த்தி வைத்தல், இவைதான். தேய்த்தல் பிறகு.

3. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால், அதுவும் மாவுக்கட்டு, நீண்ட படுக்கை, நீண்ட பயணத்துக்குப் பிறகு என்றால், உள் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

4. முதுகு வலியோடு கால் மரத்துப் போதல், பலம் குறைதல், சிறுநீர் அடக்க முடியாமை, காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

5. சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது. நமக்கெல்லாம் பிடித்தமானதுதான். ஆனால் கழுத்து எலும்பை ஒட்டி மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனாலும் "கழுத்து வேணாம்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

6. சர்க்கரை நோயால் மரத்துப் போன பாதம், புண், தோல் தொற்று, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர், காரணம் தெரியாத கட்டி. இவற்றுக்கெல்லாம் மருத்துவரைக் கேட்ட பிறகே.

கை வைக்கலாம் என்றால் எப்படி?

அரம் பிடித்து வலித்த முன்கைக்கு: நான்கு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி ஒரு நிமிடம் நீண்ட தடவல். பிறகு சதைப்பகுதியை மூன்று நிமிடம் பிசையுங்கள். கடைசியில் மறுபடி ஒரு நிமிடம் தடவல். தோள்பட்டைக்கும் இதே முறைதான். முதுகெலும்பின்மேல் நேராக அழுத்தாமல் இரு பக்கத் தசையில் மட்டும் கை இருக்க வேண்டும். கழுத்தின் முன்பக்கம் வேண்டவே வேண்டாம். "இதமா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே செய்யுங்கள். இதமான வலி சரி, கூர்மையான வலி என்றால் கையை எடுத்துவிட வேண்டும். அதைத் தாங்கச் சொல்பவரும் தப்பு, தாங்குபவரும் தப்பு.

சுருங்கச் சொன்னால், உழைத்துக் களைத்த தசை வலிக்குக் கை மருந்து. விழுந்து அடிபட்ட வலிக்கு எக்ஸ்ரேதான் முதல் மருந்து.

தம்பிக்கு அப்படி ஆனபிறகு அப்பத்தா ஒரு வருடம் யாரையும் தொடவில்லை, அப்பா முதுகைத் தவிர. இப்போது மறுபடி ஆட்கள் வருகிறார்கள். களைப்பு வலி என்றால் உட்கார வைத்து நீவிவிடும். விழுந்தேன், மடங்கிடுச்சு என்று சொன்னால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒரே வார்த்தைதான்: "மொதல்ல போயி படம் எடுத்துட்டு வாய்யா."

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அப்பத்தா தம்பியின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. டிப்ளமோ படிக்கும் நாம் அதை ஒரு கட்டுரையைப் படித்தே கற்றுக்கொள்ளலாம் அல்லவா? அடுத்த முறை விடுதி அறையில் "பிடிச்சு விடுடா" என்று யாராவது கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "வேலை செஞ்சு வலிக்குதா, விழுந்து வலிக்குதா?"