புலியைச் சுட்டது எதற்காக?



1911 டெல்லி தர்பார் என்றதும் நமக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நேரில் வந்தார். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று டிசம்பர் 12-ஆம் தேதி அறிவித்தார். பரீட்சைக்கு இது போதும். ஆனால் தர்பார் முடிந்ததும் ராஜா எங்கே போனார் தெரியுமா? நேபாளத்துக் காட்டுக்கு, வேட்டையாட!

நேபாளம் ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட நாடு இல்லை. அங்கே அதிகாரம் பிரதமர் சந்திர ஷம்ஷேர் ராணா கையில் இருந்தது. பக்கத்திலேயே பெரிய வல்லரசு. அதன் நட்பு அவருக்கு வேண்டும். அதனால் சித்வன் காட்டில் கூடாரம் அடித்து, 600-க்கும் மேற்பட்ட யானைகளைத் திரட்டி விருந்து வைத்தார். சுமார் பத்து நாளில் செத்தவை 39 புலிகள், 18 காண்டாமிருகங்கள், 4 கரடிகள். ராஜா மட்டும் சுட்டது 21 புலிகள்.

"அடேயப்பா, என்ன வீரம்!" என்று தோணுதா? வேட்டை நடந்த விதத்தைப் படிச்சுட்டுச் சொல்லுங்க.

1. காட்டில் எருமைக் கன்றுகளைக் கட்டி வைப்பார்கள். இரவில் புலி வந்து அடித்துத் தின்னும். வயிறு நிறைந்ததும் பக்கத்துப் புதரிலேயே படுத்துவிடும்.

2. காலையில் காடு தெரிந்த ஆட்கள் கால்தடம் பார்த்து இடத்தைச் சொல்வார்கள்.

3. பாகர்கள் யானைகளைக் கொண்டுவந்து அந்த இடத்தைச் சுற்றி வட்டம் கட்டுவார்கள். வட்டம் சுருங்கச் சுருங்கப் புலிக்கு ஓட வழி இருக்காது.

4. கடைசியில் ராஜா யானை மேல் அம்பாரியில் உட்கார்ந்தபடி துப்பாக்கியால் சுடுவார்.

தடம் பார்த்தது ஒருத்தர், யானையை நடத்தினது ஒருத்தர், பயந்து சீறும் புலிக்கு முன்னால் நின்றது யானை. பேர் மட்டும் ராஜாவுக்கு!

அப்படியானால் இது எதற்கு? ஊருக்கும் உலகத்துக்கும் காட்டத்தான். புலி என்றால் இந்த மண்ணின் பலம். திப்பு சுல்தான் புலியைத்தான் தன் சின்னமாக வைத்திருந்தார். 1799-ல் அவரைத் தோற்கடித்த ஆங்கிலேயர், அந்த வெற்றிக்கு ஒரு பதக்கம் வெளியிட்டார்கள். அதில் ஒரு சிங்கம் புலியைக் கீழே தள்ளி மேலே நிற்கும். சிங்கம் அவர்கள், புலி நாம். செத்த புலிகளுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்று எடுத்த புகைப்படங்களும் அதே சேதியைத்தான் சொல்லின.

"நம்ம ராஜாக்களும் வேட்டையாடினார்களே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். முகலாயப் பேரரசர்களும் வேட்டையாடினார்கள். மகாராஜாக்களும் வைஸ்ராய்களை அழைத்து வேட்டை நடத்தினார்கள். காட்டை ஜெயிப்பவனே அரசன் என்ற பழைய எண்ணம் இங்கே இருந்தது. ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டு, "இனி அந்த இடம் எங்களுக்கு" என்று காட்டினார்கள்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்க. 1878-ல் வந்த ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வாங்க வேண்டும். ஐரோப்பியருக்கு வேண்டாம். மாட்டைப் புலியிடம் பறிகொடுத்த விவசாயி கையில் துப்பாக்கி இருக்காது. பொழுதுபோக்குக்குச் சுட வந்த துரை கையில் இருக்கும். பிறகு, "உங்களைக் காப்பாற்ற நாங்கள் வேண்டும்" என்று சொல்வது சுலபம்தானே?

உங்களுக்குத் தெரியுமா?
* இந்தியாவில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல்.
* சித்வன் 1973-ல் நேபாளத்தின் முதல் தேசியப் பூங்கா ஆனது.
* 2022 கணக்கெடுப்பில் சித்வனில் 128 புலிகள் இருந்தன.

பழைய வேட்டைப் படம் எதையாவது பார்த்தால் நடுவில் நிற்பவரை மட்டும் பார்க்காதீங்க. ஓரத்தில் தலைப்பாகையோடு நிற்பவர்களையும் பாருங்க. தரையில் கிடக்கும் புலியையும் பாருங்க. அப்புறம் சொல்லுங்க, அந்தப் படத்தில் வீரர் யார்?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி