விதை நேர்த்தி

விடுமுறை முடிந்து ஊரிலிருந்து தில்லி திரும்பும்போது, பாட்டி துணியில் முடிந்து கொடுத்த விதைகள் சிலவும் உடன் வருவதுண்டு. லோதி ரோட்டு வீட்டின் பால்கனியில் தொட்டி வைத்து அவற்றை விதைக்கிறோம். தக்காளி நாற்று முளைத்துத் தலை காட்டுகிறது. சில நாள்களில் தண்டின் அடிப்பகுதி நீர் கோத்து மெலிய, நாற்றுகள் சாய்ந்து மடிகின்றன. அவ்விதையை மீண்டும் பெற அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டும்.

இது நாற்றழுகல் நோய். ஈரம் மிகுந்த மண்ணில் வாழும் பித்தியம் முதலிய நுண்ணுயிர்கள் இதனை உண்டாக்குகின்றன. நோய் வந்தபின் நாற்றைக் காப்பது அரிது. வருமுன் காப்பதே எளிது. விதைக்கும் முன்னரே விதைக்குப் பாதுகாப்பளிக்கும் முறைக்கு விதை நேர்த்தி என்று பெயர்.

ஒரு கிலோ தக்காளி விதையுடன் 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் தூளைக் கலந்து, 24 மணி நேரம் கழித்து விதைக்குமாறு கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. நம் கையிலுள்ள சில விதைகளுக்கு ஒரு சிட்டிகையே போதும். டிரைக்கோடெர்மா ஒரு நன்மை செய்யும் பூஞ்சை. அது விதையைச் சுற்றி வளர்ந்து, நோய்க்கிருமிகளை அழிக்கிறது.

தடித்த தோலுடைய பாகல், புடலை விதைகளை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்தால் தோல் இளகி விரைவில் முளைக்கும்.

கடையில் வாங்கும் சில விதைகள் செந்நிறமாகவோ நீலமாகவோ இருக்கும். அவை இரசாயன மருந்து பூசப்பட்டவை, அவற்றை உண்ணலாகாது. தொட்டபின் கைகளைக் கழுவுக.

நம் நகரிலுள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1905-இல் பீகாரின் பூசா என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. 1934-இல் நேர்ந்த நிலநடுக்கத்தால் அங்குக் கட்டடம் சிதைந்தமையால், 1936-இல் தில்லிக்கு மாறியது. 'பூசா ரூபி' என்னும் தக்காளி இந்நிறுவனம் தந்ததே. இடம் பெயர்ந்தும் பழைய ஊரின் பெயரை அது விடவில்லை.

சொற்பொருள்
நேர்த்தி – சீர்படுத்துதல்
அரிது – கடினமானது
இளகுதல் – மென்மையாதல்

பயிற்சி
1. நாற்றழுகல் நோயின் அறிகுறிகள் யாவை?
2. நிறம் பூசிய விதைகளை ஏன் உண்ணலாகாது?
3. பிரித்து எழுதுக: நாற்றழுகல், அவ்விதை.
4. 250 கிராம் தக்காளி விதைக்கு எத்தனை கிராம் டிரைக்கோடெர்மா தேவை?
5. செயல்பாடு: பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்து வைத்து, நாள்தோறும் முளைத்தவற்றை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுக. உங்கள் ஊரில் விதைகளை எவ்வாறு சேமிப்பர் எனப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.