கேட்ட வசனத்தை வாழ்ந்து காட்ட...

ஞாயிறு ஆராதனையில் கேட்ட வசனம் திங்கட்கிழமையும் நம்மோடு நடக்க வேண்டும். அதற்குச் சில எளிய வழிகள்:

* தேதிக்கு ஓர் அதிகாரம்: நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் உள்ளன. தேதிக்கு ஒன்றாக வாசியுங்கள். அன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியத்தை மட்டும் காலண்டர் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

* கூலியைத் தள்ளிப்போடாதீர்கள்: பொழுது சாயுமுன் கூலியைக் கொடுக்கச் சொல்கிறது உபாகமம் 24:15. கொத்தனாரோ சித்தாளோ, "சில்லறை இல்லை, நாளைக்கு வாங்கிக்கோ" என்று அனுப்பாதீர்கள். காலையிலேயே பணத்தை மாற்றி, எண்ணித் தனியே எடுத்து வையுங்கள். அவர் வீட்டில் உலை வைக்க அரிசி அந்தக் காசில்தான் வாங்க வேண்டும்.

* கோபத்தோடு படுக்காதீர்கள்: எபேசியர் 4:26 நினைவிருக்கட்டும். இரவு ஜெபத்துக்கு உட்காருமுன், மனஸ்தாபம் உள்ளவரிடம் நீங்களே முதலில் பேசுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாலே பாதி இறுக்கம் தளர்ந்துவிடும்.

* காணிக்கைக்கு முன் சமாதானம்: மத்தேயு 5:23, 24 ஒப்புரவையே முதலில் வைக்கிறது. பேச்சுவார்த்தை அற்றுப்போன உறவினருக்குச் சனிக்கிழமையே போன் செய்யுங்கள்.

* உதவியைப் பறைசாற்றாதீர்கள்: மத்தேயு 6:3 வலக்கை கொடுப்பது இடக்கைக்கும் தெரிய வேண்டாம் என்கிறது. பள்ளிக் கட்டணம் கட்டி உதவினால், அந்தப் பிள்ளையோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு தீர்மானியுங்கள்.